முட்டக்கண்ணன் திரும்பும் நேரம்

ஜன்னலைச் சாத்தணும்னா சாத்திக்கங்க தம்பி, எனக்கு ஒண்ணும் இல்ல. காத்துல வளந்த உடம்பு இது. ராமேஸ்வரமா? திதி குடுக்கவா, சும்மா பாக்கவா? அப்பாவுக்கா... நல்லது. பிள்ளைன்னா இப்படி இருக்கணும். உயிரோட இருந்தப்ப கவனிச்சீங்களான்னு நான் கேக்கல. போன பிறகாவது பஸ்ஸு ஏறி வர்றீங்கள்ல. எனக்கு அதுவும் கெடைக்காது போல இருக்கு.

நான் அதுக்கு முன்னாடியே எறங்கிருவேன். உச்சிப்புளி தாண்டி உள்ள போகணும், கடலை ஒட்டின ஊரு. சந்தியாகு என் பேரு. திருப்பூர் போயிட்டு வர்றேன். மகளையும் மருமகனையும் கூட்டிட்டு வரலாம்னு போனேன். ஆமா, தனியாத்தான் வர்றேன். நீங்க கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன். மதுரையில ஏறினதுல இருந்து யார்கிட்டயாவது சொல்லணும்னு இருக்கு.

தொழில் மீனுதான். ஆனா வலைக்காரன் இல்ல நான். கூடு போடுறவன். கோழிக் கூடு இல்ல, சிரிக்காதீங்க. வேலிக்கருவை விளாரை வளைச்சு, கம்பி வச்சுக் கட்டி, வலைத்துணி போத்தினது. வாய் அகலமா இருக்கும், உள்ள போகப் போகக் குறுகும். மீனு உள்ள போகலாம், வெளிய வரத் தெரியாது. அதைக் கொண்டுபோய்க் கடலுக்கு அடியில பாருமேல வச்சிட்டு வந்துரணும். பாருன்னா என்னன்னு தெரியுமா? தண்ணிக்குள்ள கல்லுக்காடு. கல்லுன்னா நம்ம ஊர் மலைக்கல்லு இல்ல, உயிருள்ள கல்லு. மான் கொம்பு மாதிரி ஒண்ணு, தாம்பாளத் தட்டு மாதிரி ஒண்ணு, மூளை மாதிரி ஒண்ணு. பூராப் பொந்து. அந்தப் பொந்துக்குள்ளதான் முட்டக்கண்ணன் குடியிருக்கும்.

அது எங்க வீட்டுல வச்ச பேரு. உள்ளங்கை அகலம்தான் இருக்கும், குங்குமத்துல முக்கி எடுத்த மாதிரி செவப்பு. முகத்துல பாதி கண்ணுதான். கன்னத்துல ஒரு முள்ளு, தெரியாம பிடிச்சா கையைக் கிழிச்சிரும். கையில எடுத்தா முனகும் தம்பி. மீனு முனகிப் பாத்திருக்கீங்களா? இது முனகும், கிர்ரு கிர்ருன்னு. என் மக ஜெசிந்தா சின்னப் பிள்ளையா இருந்தப்ப, அதுக்கு வலிக்குதுப்பா விட்டுருங்கன்னு அழுவா. வலிக்காதுத்தா, அது சண்டை போடுதுன்னு சொல்லுவேன்.

பகல் பூரா அது பொந்தை விட்டு நகராது. வாசல்ல நின்னு அந்த முட்டக்கண்ணை வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கும். பொழுது சாஞ்சதும் வெளிய கெளம்பும், எரை தேடும். விடியுறதுக்கு முந்தி திரும்பிரும். எங்க? அதே பொந்துக்கு. பக்கத்துலயே காலியா வேற பொந்து இருக்கும், அதுல நுழையாது. அம்புட்டு வீட்டுப் புத்தி. தூண்டில் போட்டா வாய் கிழிஞ்சு செத்துப்போகும். உயிரோட வேணும்னா கூடுதான். கண்ணாடித் தொட்டியில வளக்குறாங்கள்ல, அவங்களுக்குப் பிடிச்சுக் குடுக்குற ஏஜெண்டு ஒருத்தர் தூத்துக்குடியில இருந்து வருவாரு. எங்க கரையில இதை உயிரோட கொண்டுவர்றது யாருன்னு கேட்டா, அத்தனை பேரும் என் வீட்டைத்தான் காட்டுவாங்க.

எப்படிப் பிடிப்பேன்னு நான் எவனுக்கும் சொன்னதில்ல. நீங்க கடல் பக்கம் வராத ஆளு, அதனால சொல்றேன். கூட்டைப் பாருல வச்சாப்ல அது வந்து நுழைஞ்சிராது. அதுக்குத்தான் வீடு இருக்கே! அதனால பொழுது சாஞ்சு அது வெளிய போனதும் நான் முங்குவேன். சுத்தி இருக்குற கல்லைக் கடப்பாறையால ஒடைப்பேன். ஒடைச்ச கல்லை வச்சு பொந்து எல்லாத்தையும் அடைச்சிருவேன். மிச்சக் கல்லைக் கூட்டு மேல அடுக்கினா, கூடும் ஒரு கல்லு மாதிரி, வாய் ஒரு பொந்து மாதிரி ஆயிரும். விடியப்போற நேரம் முட்டக்கண்ணன் திரும்பி வரும். வீட்டைக் காணோம். சுத்திச் சுத்தி வரும். வெளிச்சம் வேற வந்துக்கிட்டு இருக்கு, அதுக்கு வெளிச்சம் ஆகாது. கடைசியில ஒரே ஒரு வாசல்தான் தெறந்திருக்கும். அது என் வாசல்.

எப்படி? அதான் மூளைங்கிறது.

ஜெசிந்தா அம்மா போனதுக்கப்புறம் எனக்கு இருக்கிறது இவ ஒருத்திதான். வெளியூர்ல கட்டிக் குடுத்தா நான் யார் முகத்துல முழிக்கிறது? அதனாலதான் வீட்டோட மாப்பிள்ளையாப் பாத்தேன். அமல்தாஸ்னு பேரு. தாய் தகப்பன் இல்லாதவன், அதிகம் பேசாதவன், ரொம்ப நேரம் மூச்சுப் பிடிச்சு முங்குவான். பாத்ததும் இவன்தான்னு முடிவு பண்ணிட்டேன். அவளுக்கும் பிடிச்சிருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். அவனுக்குச் சுடுசோறு போட்டு, எனக்குப் பழையதை ஊத்துற அளவுக்குப் பிடிச்சிருந்துச்சு.

பையன் நல்ல பையன்தான். ஆனா யோசிக்கிற வியாதி. பாருல ஒரு கல்லை ஒடைக்கச் சொன்னா, அதைத் தடவிப் பாத்துக்கிட்டு நிப்பான். மேல வந்து, "மாமா, இப்படி ஒடைச்சு அடைச்சிட்டா நாளைக்கு அது எங்க போகும்?"னு கேப்பான். "நம்ம கூட்டுக்குள்ளதான் போகும், வேற எங்க போகும்"னு சொல்லுவேன். "கரையில இருந்து கருங்கல்லு கொண்டாந்து வைப்போம் மாமா"ன்னான் ஒரு நாளு. கருங்கல்லைப் பாத்தா முட்டக்கண்ணன் நம்புமா? அதுவும் வள்ளத்துல கல்லைச் சுமந்துகிட்டுப் போறதா? ஊரே சிரிக்கும். பாருக்கல்லை ஒடைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு மாமான்னான் அடுத்து. நான் என்ன வீடு கட்டவா எடுத்துட்டுப் போறேன்? கடல்ல இருக்கிறதைக் கடல்லயே தள்ளி வைக்கிறேன்.

அப்புறம்தான் பாரு கெட்டுப்போச்சு தம்பி. போன காத்துக் காலம் முடிஞ்சு முங்கிப் பாக்குறேன், கல்லு பூரா நொறுங்கிக் கெடக்கு. ஒரு எடத்துல கூட மான் கொம்பு நிமிந்து நிக்கல. மேல வழவழன்னு பாசி. எலும்பைக் கொட்டின மாதிரி கெடந்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு, தண்ணிக்குள்ள அழுதா யாருக்குத் தெரியும். எல்லாம் விசைப்படகுக்காரன் பண்ற வேலை. இழுத்துட்டுப் போறான்ல, அந்த மடி வலை எதை விட்டு வைக்கும்? அந்த எடத்துல ஆழம் இல்ல, விசைப்படகு வராதுன்னு அமல்தாஸ் சொன்னான். வந்திருக்கும், நம்ம பாக்காத நேரம் வந்திருக்கும். ஒரு வருசம் தண்ணி சூடாகிக் கல்லெல்லாம் வெளுத்துச்சு, அதுல பாதி போச்சு. ஊர்க் கண்ணு வேற. என்னைத் தவிர எல்லாரும் சேந்து அந்தப் பாரைக் கெடுத்துட்டாங்க.

கூட்டுல ஒண்ணும் விழல. வாரம் பூராப் போட்டாலும் நாலு நண்டு. ஏஜெண்டு வர்றதை நிறுத்திட்டாரு. வீட்டுல பேச்சு மாறிச்சு. அமல்தாஸ் விசைப்படகுல கூலிக்குப் போறேன்னான். போனா போகட்டும்னு விட்டுட்டா என்ன ஆகும்? இன்னைக்கு விசைப்படகு, நாளைக்கு அதே ஆளுக கூடக் கேரளா, அப்புறம் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போயிருவான். எங்க ஊர்ல எத்தனை வீடு அப்படிப் பூட்டிக் கெடக்கு தெரியுமா. நான் சொன்னேன், "ஒரே ஒரு சீசன் பொறு மாப்ள. முட்டக்கண்ணன் எங்கயும் போகாது, அது வீட்டுப் புத்தி உள்ளது"ன்னேன்.

அப்பதான் ஜெசிந்தா வாய் தவறி ஒண்ணு சொல்லிட்டா. "அங்கிட்டு ஒரு பெரிய கல்லு இருக்குல்லப்பா, அதுல முட்டக்கண்ணன் நெறைய இருக்குன்னு அவரு சொல்வாரு"ன்னா. என்ன கல்லு? எனக்குத் தெரியாம என்ன கல்லு? மொகம் வெளுத்துப்போச்சு அவளுக்கு. பாருக்குத் தெக்க, ஒரு பள்ளத்துக்குள்ள, உசிரோட ஒரு கல்லு மிச்சம் இருந்திருக்கு. வைக்கோல் போர் உசரம். அமல்தாஸ் அதைப் பாத்து ரொம்ப நாளாச்சு. என்கிட்ட மூச்சு விடல. நான் தின்னுற வீட்டுல எனக்குத் தெரியாம ஒரு கல்லு!

கூட்டிட்டுப் போடான்னேன். வந்தான். பொழுது சாயுற நேரம். நான் முங்குற கண்ணாடி மாட்டி எட்டிப் பாத்தேன். பொந்துக்குப் பொந்து செவப்பு. எம்புட்டுக் கண்ணு! என்னையவே பாக்குதுக. இருபது வருசத்துக்கு முந்தி பாரு எப்படி இருந்துச்சோ அப்படி. எனக்கு அப்ப இருந்த சந்தோசத்தைச் சொல்லத் தெரியல. மகளும் மருமகனும் இனி எங்கயும் போக மாட்டாங்கன்னு நெனச்சேன். அது ஒண்ணுதான் நெனச்சேன், சத்தியமா.

அதுக வெளிய போற வரைக்கும் காத்திருந்தோம். அப்புறம் கடப்பாறையை அவன் கையில குடுத்தேன். முங்கினான், வெறுங்கையோட மேல வந்தான். "வேணாம் மாமா, இது ஒண்ணுதான் இருக்கு"ன்னான். பொண்டாட்டியைக் காப்பாத்தத் துப்பில்லாதவன் கல்லைக் காப்பாத்த வந்துட்டான்னு கத்தினேன். மறுபடி எறங்கினான். டங்கு டங்குன்னு சத்தம் வள்ளத்துப் பலகையில கேட்டுச்சு. எதையோ சொல்லிட்டோமே, ரோசத்துல முங்குறானேன்னு கொஞ்சம் தோணத்தான் செஞ்சுச்சு. பொந்தை அடைக்க, கூட்டை வைக்கன்னு திரும்பத் திரும்ப எறங்கினான், சரியா மூச்சு வாங்கக் கூட இல்ல. கடைசியா எறங்கினவன் வரல.

நான்தான் குதிச்சேன். முடியைப் பிடிச்சு இழுத்து வள்ளத்துல போட்டேன். கண்ணு மேல சொருகிருச்சு, கை காலு வெட்டி வெட்டி இழுத்துச்சு, மூக்குல ரத்தம். கன்னத்துல அறைஞ்சேன், வயித்தை அமுக்கினேன், மாதாவே மாதாவேன்னு கத்தினேன். கொஞ்ச நேரத்துல இருமினான். உசுரு வந்துருச்சு. அன்னைக்கு நான் இல்லைன்னா அவன் இன்னைக்கு இல்ல. இதை ஜெசிந்தா ஒரு நாளு கூடச் சொன்னதில்ல.

மறுநாள் காலையில நான் மட்டும் போய்க் கூட்டைத் தூக்கினேன். தூக்க முடியல, அம்புட்டுக் கனம். பூரா முட்டக்கண்ணன். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு, எல்லாம் சேந்து முனகுது. கேன்ல எடம் பத்தல, திணிச்சுத்தான் கொண்டுவந்தேன். ஏஜெண்டு வந்து சேர்றதுக்குள்ள முக்காவாசி மல்லாந்துருச்சு. அவரு தாமசமா வந்ததுக்கு நான் என்ன பண்றது? அடுத்த வாரம் அந்தக் கல்லுல கூடு போட்டேன். ஒண்ணும் இல்ல. அதுக்கடுத்த வாரமும் இல்ல. வீட்டுப் புத்தி உள்ளதுன்னு நெனச்சேன், ஏமாத்திட்டுப் போயிருச்சு.

இங்கன பஸ்ஸு கொஞ்சம் நிப்பாட்டுவான், டீ குடிக்கிறீங்களா? வேணாமா. எனக்கும் வேணாம்.

உடம்பு தேறினதும் அமல்தாஸ் விசைப்படகுக்குக் கேக்கப் போறேன்னான். அவன் போறதுக்கு முந்தி நான் போனேன். படகுக்காரங்க எல்லாம் எனக்குப் பழக்கம். ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். "என் மருமகனுக்கு வலிப்பு இருக்கு, பாத்து ஏத்துங்க"ன்னேன். பொய்யா? இழுத்துச்சா இல்லையா? என் கண்ணால பாத்தேன்ல. நடுக்கடல்ல இழுத்துக்கிட்டா யாரு பொறுப்பு? ஒரு தகப்பன் ஸ்தானத்துல இருந்து சொல்றது என் கடமைதானே. வலிப்புன்னு கேட்டா எந்தப் படகுக்காரன் ஏத்துவான்? ஒருத்தனும் ஏத்தல. ஐஸ் கம்பெனியில கேட்டான், அங்கயும் நான் சொல்லி வச்சிருந்தேன். கருவாட்டுக் கொட்டாய்லயும். சுத்திச் சுத்தி வந்தான் பாவம். எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க, ஏன்னு எவனும் சொல்லல. சாயங்காலம் வீட்டுக்கு வருவான். நான் தட்டைத் தள்ளி வைப்பேன், "சாப்பிடு மாப்ள, நம்ம வள்ளம் இருக்குல்ல"ன்னு சொல்லுவேன். அன்பாத்தான் சொல்லுவேன்.

எல்லாம் நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. ஒரு பொம்பள வாயால கெட்டுச்சு. படகுக்காரன் பொண்டாட்டி ஒருத்தி, பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல வச்சு ஜெசிந்தாகிட்டக் கேட்டிருக்கா. "உன் வீட்டுக்காரருக்கு வலிப்பாமே, உங்கப்பா ஊரெல்லாம் சொல்லி வருத்தப்படுறாரு, சவேரியாருக்கு நேந்துக்க"ன்னு. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியுதா பாருங்க. ஒரு குடும்பத்தைப் பிரிச்சிட்டா.

ஜெசிந்தா வந்தா. நான் சண்டை போடுவான்னு பாத்தேன். போடல. சோறு வடிச்சா, குழம்பு கூட்டினா, எனக்குச் சுடச்சுடப் போட்டா. "நல்லாச் சாப்பிடுங்கப்பா"ன்னா. மகளுக்குக் கோவம் தணிஞ்சிருச்சுன்னு நெனச்சு ரெண்டு தட்டு சாப்பிட்டேன். காலையில எந்திரிச்சுப் பாக்குறேன், ரெண்டு பேரும் இல்ல. துணிமணி இல்ல. அவ அம்மா போட்டோவைக் கூட எடுத்துட்டுப் போயிட்டா. எனக்கு அதுதான் தாங்கல.

திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காங்கன்னு விசாரிச்சு விசாரிச்சுக் கண்டுபிடிச்சேன். மொதத் தடவை போனப்ப, ஒரே ஒரு ரூம்பு தம்பி, ஜன்னல் கூட இல்ல. ஆனா ஜெசிந்தா மொகம் தெளிஞ்சிருந்துச்சு. வயித்துல பிள்ளை. எனக்குச் சொல்லக்கூட இல்ல, பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அமல்தாஸ் மிஷின்ல ஒக்காந்து தைக்கிறானாம், ரெண்டு மாசத்துல கத்துக்கிட்டானாம். வா வீட்டுக்குப் போவோம்னேன். "அங்க என்னப்பா இருக்கு?"ன்னா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தா. "அப்பா, அவரு இப்பத்தான் ஒரு எடத்துல நிக்கிறாரு. இதையாவது விட்டுருங்க. உங்களுக்கு முடியலைன்னா சொல்லுங்க, எங்க இருந்தாலும் வந்து பாக்குறேன்"னா. கையெடுத்துக் கும்பிட்டா தம்பி. பெத்த மக, என்னைப் பாத்து.

சரித்தான்னு சொன்னேன். அவ போனதும் பஸ்ஸு ஏறத்தான் நின்னேன். ஆனா மனசு கேக்கல. தலைப்பிள்ளையை அந்த இருட்டு ரூம்புலயா பெத்துக்கிறது? நேரா கம்பெனி கேட்டுக்குப் போனேன். சூப்பர்வைசரு நம்ம பக்கத்துப் பையன், பரமக்குடி. மரியாதையாப் பேசினாரு. அவருகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். "தம்பி, மருமகனுக்கு வலிப்பு உண்டு, மிஷின்ல ஒக்கார வைக்கிறீங்க, கொஞ்சம் பாத்துக்கங்க"ன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. வேலையை விட்டு நிறுத்துங்கன்னா சொன்னேன்? இல்லையே. வீட்டுக்கு வந்து சுண்ணாம்பு அடிச்சேன், தொட்டில் கட்ட உத்தரத்துல கயிறு மாட்டினேன். வேலை போனா ஊருக்குத்தானே வரணும், வேற போக்கிடம் ஏது?

ஒரு மாசம் பாத்தேன். வரல. நேத்துக் கெளம்பிப் போனேன். ரூம்பு பூட்டியிருக்கு. வீட்டுக்கார அம்மாவைக் கேட்டா, காலி பண்ணிட்டுப் போயி நாளாச்சுங்குறாங்க. எங்கன்னு தெரியாதாம். எந்தக் கம்பெனியிலயும் சேத்துக்கல, அந்தப் பிள்ளை நிறைமாசத்தோட வீடு வீடா நின்னுச்சுன்னு சொல்லிட்டு என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. நீங்க யாருன்னாங்க. தெரிஞ்சவன்னேன்.

போக்கிடம் இல்லாதவங்க எங்க போயிருப்பாங்க? எனக்கு அதுதான் புரியல. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன்.

என் ஸ்டாப்பிங் வரப்போகுது. தம்பி, உங்க போனைக் கொஞ்சம் குடுங்களேன். இல்ல, நீங்களே பேசுங்க, அதுதான் நல்லது. மக நம்பரு மனப்பாடம் எனக்கு. என் போன்ல இருந்து அடிச்சா ஒரு மணியிலயே கட் ஆகுது. புது நம்பருன்னா எடுப்பா. ஆஸ்பத்திரியில இருந்து பேசுறோம்னு சொல்லுங்க. இல்லன்னா ஒண்ணு செய்யுங்க, உங்கப்பாவுக்கு முடியல, சாகக் கெடக்குறாருன்னு சொல்லுங்க. அதுக்கு வருவா, சொல்லியிருக்கா. அவ எந்த ஊருல இருக்கான்னு மட்டும் கேட்டு வாங்குங்க. நான் பக்கத்துல இருக்கேன்னு காட்டிக்காதீங்க, நான் மூச்சு விட மாட்டேன்.

என்ன தம்பி, ஏன் எந்திரிக்கிறீங்க? உங்க எடம் இன்னும் வரலையே.